தீர்ப்புக்கு மறுநாள்

2024 ஜனவரியில், நான் குடியிருக்கும் வர்ஜீனியா மாநிலச் சிற்றூரின் பொது நூலகத்தில் ஒரு நினைவுக் கூட்டத்தைத் திட்டமிடுவதற்காக ஒன்பது பேர் கூடினோம். பொதுப்பள்ளிகளில் நிறத்தைக் காரணமாக்கிக் குழந்தைகளைப் பிரித்து வைப்பது அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 மே 17 அன்று வழங்கிய பிரவுன் தீர்ப்புக்கு அந்த ஆண்டு மே மாதத்தில் எழுபது ஆண்டுகள் நிறைவடைய இருந்தன. வாரத்தில் ஒரு நாள் நூலகத்தில் தன்னார்வலராகப் பணிபுரிகிறவள் என்பதால் என்னையும் குழுவில் சேர்த்திருந்தார்கள். நாள், இடம், பேச்சாளர், தேநீர் ஆகிய நான்கையும் முடிவு செய்தால் வேலை முடிந்துவிடும் என்ற எண்ணத்துடன்தான் அன்று வீடு திரும்பினேன்.

என் அம்மா அப்போது தென்காசியிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருந்தார். இரவு உணவின்போது, எதற்கான கூட்டம் அது என்று கேட்டார். நான் விளக்கிச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏம்மா, தீர்ப்பு வந்த மறுநாளே பிள்ளைங்க எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டாங்களா?" என்றார். இல்லை என்றேன். "பின்னே எப்போ போனாங்க?" என்றார். அந்த இரண்டாவது கேள்விக்கு ஒரே ஆண்டில் அடங்கும் விடை எதுவும் என்னிடம் இல்லை.

ஊருக்கு ஊர் விடை வேறு. டெலவேர் மாநிலத்தின் கிளேமான்ட் நகரில், கீழ் நீதிமன்றத் தீர்ப்பின் பயனாக, 1952-ஆம் ஆண்டிலேயே கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள். தலைநகர் வாஷிங்டனில் 1954 செப்டம்பரில் பள்ளிகள் ஒன்றிணையத் தொடங்கின. வர்ஜீனியாவில் அந்தத் தொடக்கத்துக்கே 1959 பிப்ரவரி 2 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று ஆர்லிங்டனில் நான்கு மாணவர்களும் நார்ஃபோக்கில் பதினேழு மாணவர்களும் வெள்ளையர் பள்ளிகளின் வாசலைக் கடந்தார்கள். அதே வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியிலோ (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு அது) அந்த ஆண்டிலேயே பொதுப்பள்ளிகள் அனைத்தும் பூட்டப்பட்டன; ஐந்து ஆண்டுகள் கழித்து, 1964-இல்தான் மீண்டும் திறந்தன. அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது சோறு ஆறிப்போயிருந்தது. அடுத்த கூட்டத்துக்கு நான் கொண்டு சென்றது அம்மாவின் கேள்வியைத்தான். மே 17 அன்று வருகிறவர்கள் 'மறுநாள் என்ன நடந்தது' என்பதற்கான விடையோடு திரும்ப வேண்டும். அந்த விடையைத் தராத நினைவுக் கூட்டம் பொய்யான ஒரு முடிவைக் கதைக்கு ஒட்டிவிடும் என்று குழுவில் சொன்னேன். இன்றும் அதில் எனக்கு ஐயமில்லை.

நிகழ்ச்சியை எப்படி அழைப்பது என்பதிலேயே எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. முதலில் எழுதப்பட்ட அறிவிப்பில் கொண்டாட்டம் என்னும் பொருள்படும் சொல் இருந்தது. குழுவிலிருந்த மூத்த பெண்மணி ஒருவர் அதை ஏற்கவில்லை. அவர் 1951-இல் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில் பிறந்தவர். தீர்ப்பு வந்தபோது அவருக்கு மூன்று வயது, பள்ளி மூடப்பட்டபோது எட்டு, மீண்டும் திறந்தபோது பதின்மூன்று. "எதைக் கொண்டாடச் சொல்கிறீர்கள்?" என்று அமைதியாக, பதிலை எதிர்பார்த்தே அவர் கேட்டார். எனக்குத் தமிழ்ச் சொற்கள் நினைவில் ஓடின. விழா என்றால் தோரணமும் மேளமும் கண்முன் வருகின்றன. நினைவேந்தல் என்றால் மாலையிட்ட படமும் இறந்தவரும் வந்துவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பு இரண்டிலும் சேராது. அது வெற்றி, ஆனால் அந்த வெற்றிக்கு விலை கொடுத்தவர்களில் பலர் அதன் பயனை அனுபவிக்கவில்லை. இறுதியில் 'நினைவுகூர்கிறோம்' என்ற பொருளில் ஒரு வினைச்சொல்லையே தலைப்பாக வைத்தோம்.

நாளைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. 2024-இல் மே 17 வெள்ளிக்கிழமையாக வந்தது. மறுநாள் சனிக்கிழமை நடத்தினால் கூட்டம் அதிகம் வரும் என்பது ஒரு தரப்பின் வாதம். நாளை மாற்றினால் நாளுக்கே பொருள் இல்லை என்பது மற்றொரு தரப்பு. மூன்றாவதாக ஒரு கருத்தும் வந்தது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்: நீதிபதிகள் தீர்ப்பு வாசித்த நாளுக்குப் பதிலாக, வர்ஜீனியாவில் குழந்தைகள் எழுந்து நின்ற ஏப்ரல் 23-ஐ நினைவுகூர்ந்தால் என்ன?

அந்த ஏப்ரல் 23 எது என்று சொல்லியாக வேண்டும். பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியின் ஃபார்ம்வில் நகரில் கறுப்பின மாணவர்களுக்கென்று இருந்த ராபர்ட் ரஸ்ஸா மோட்டன் உயர்நிலைப் பள்ளி, சுமார் 180 மாணவர்களுக்காகக் கட்டப்பட்டது. 1950-களின் தொடக்கத்தில் அங்கே 450-க்கும் மேற்பட்டோர் படித்தார்கள். புதிய கட்டடம் கட்டித் தருவதற்குப் பதிலாக, பள்ளி வளாகத்தில் தார்த்தாள் ஒட்டிய மரக் கொட்டகைகளைக் கல்வி வாரியம் எழுப்பியது. மழை பெய்தால் கூரை ஒழுகும். குளிர்காலத்தில் அடுப்பருகே இருப்பவர்களுக்கு வேர்க்கும், தள்ளி இருப்பவர்கள் மேலங்கியுடன் நடுங்கியபடியே எழுதுவார்கள். 1951 ஏப்ரல் 23 அன்று, பதினாறு வயதான பார்பரா ஜான்ஸ், பள்ளித் தலைமையாசிரியரை ஒரு பொய்த் தொலைபேசி அழைப்பின் மூலம் வெளியே வரவழைத்துவிட்டு, மாணவர்கள் அனைவரையும் அரங்கத்தில் கூட்டி, வேலைநிறுத்தம் செய்யும்படி பேசினார். தலைமையாசிரியர் மீது பழி விழக் கூடாது என்பதற்காகவே அவரை அங்கிருந்து அகற்றியிருந்தார்கள். மாணவர்கள் கேட்டது ஒரு நல்ல பள்ளிக்கூடம் மட்டுமே. அவர்களுடைய கடிதத்தைப் பெற்று வந்த வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும், சமமான கட்டடம் கேட்டு வழக்காட இனி வரமாட்டோம், பிரிவினையே ஒழிய வேண்டும் என்று கேட்பதானால் வருகிறோம் என்றார்கள். மாணவர்களும் பெற்றோர்களும் அதற்கு இணங்கினார்கள். 117 மாணவர்களின் சார்பில் தொடுக்கப்பட்ட அந்த வழக்குதான், பின்னர் பிரவுன் தீர்ப்பில் இணைந்த ஐந்து வழக்குகளில் ஒன்றானது.

பாதுகாப்புக் கருதி பார்பராவை அலபாமாவின் மான்ட்கமரி நகரில் இருந்த அவருடைய தந்தையின் சகோதரர் வெர்னன் ஜான்ஸின் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிற்காலத்தில் அவர் பிலடெல்பியாவின் பள்ளிகளில் நூலகராகப் பணியாற்றி, 1991-இல் மறைந்தார். நூலகத்தில் கூடிய எங்கள் குழுவுக்கு அந்தச் செய்தி ஒரு தனி நெருக்கத்தைத் தந்தது. வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பில் நின்ற, உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காத்த தென் மாநிலங்களின் தளபதியான ராபர்ட் ஈ. லீயின் சிலை 2020 டிசம்பரில் அகற்றப்பட்டபோது, அந்த இடத்துக்கு மாநிலம் தேர்ந்தெடுத்தது பார்பரா ஜான்ஸை.

கடைசியில் இரண்டு நாள்களையும் எடுத்துக்கொண்டோம். ஏப்ரல் 23 அன்று மாணவர்களுடன் ஃபார்ம்வில் பயணம். மே 17 மாலை நூலகத்தில் கூட்டம். மோட்டன் பள்ளிக் கட்டடம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அது 2001-ஆம் ஆண்டில், வேலைநிறுத்தத்தின் ஐம்பதாவது ஆண்டில் திறக்கப்பட்டது. பார்பரா பேசிய அதே அரங்கத்தில் எங்கள் ஊரின் பதினாறு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்ததைப் பார்த்தேன். அவர்களிடம் அப்போது எவரும் எதையும் விளக்கத் தேவைப்படவில்லை.

ஐந்து வழக்குகள் என்பதைப் பொதுமக்களுக்கு உணர்த்துவது எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. பலருக்கும் தெரிந்ததெல்லாம் கன்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரம், லிண்டா பிரவுன் என்ற சிறுமி, அவ்வளவுதான். டொபீகாவில் வழக்குத் தொடுத்தவர்கள் பதின்மூன்று பெற்றோர். அவர்களில் லிண்டாவின் தந்தை ஆலிவர் பிரவுன் ஒருவரே ஆண். மற்ற பன்னிருவரும் தாய்மார்கள். முதலில் முன்வந்தவர் லூசிண்டா டாட். அந்தப் பன்னிரு பெயர்களையும் கூட்டத்தில் உரக்க வாசிக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். நேரம் போதாது என்றார்கள். கைக்கடிகாரத்தை வைத்து வாசித்துக் காட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த ஐந்தில் இன்னொரு வழக்கு பிறந்த தென் கரோலினாவின் கிளாரண்டன் கவுண்டியைப் பற்றித் தயாரித்த பலகைக்குத்தான் அதிக நாள்கள் செலவிட்டோம். அங்கே வெள்ளைக் குழந்தைகளுக்கு முப்பது பள்ளிப் பேருந்துகள் இருந்தபோது கறுப்பினக் குழந்தைகளுக்கு ஒன்றுகூட இல்லை. 1947-இல் விவசாயி லீவை பியர்சன் தம் பிள்ளைகளுக்கு ஒரு பேருந்து கேட்டு வழக்குத் தொடுத்தார். அவருடைய நிலம் வேறு பள்ளி வட்டத்தில் வரி செலுத்துகிறது என்ற காரணத்தால் அது தள்ளுபடியானது. அதன் பிறகு போதகர் ஜோசப் டிலேன் வீடு வீடாகச் சென்று மக்களைத் திரட்டினார். 1949 நவம்பரில், சமமான கல்வி வசதிகள் கேட்ட ஒரு மனுவில் 107 பெற்றோர்களும் பிள்ளைகளும் கையெழுத்திட்டார்கள். அந்தக் கையெழுத்துகளின் விலை உடனே தெரிந்தது. மனுவின் முதல் பெயருக்குரிய ஹாரி பிரிக்ஸ் பெட்ரோல் நிலையத்தில் பார்த்துவந்த வேலையை இழந்தார். அவருடைய மனைவி எலைசா விடுதியில் பார்த்துவந்த துப்புரவு வேலையை இழந்தார். டிலேனின் வீடு எரிக்கப்பட்டது. 1955-இல் அவருடைய தேவாலயம் எரிக்கப்பட்டது. அவருடைய வீட்டை நோக்கிச் சுட்டவர்களைத் திருப்பிச் சுட்டதற்காக அவர்மீதே பிடியாணை பிறப்பிக்கப்பட, அவர் நியூயார்க்குக்குத் தப்பிச் சென்றார். அவர் மறைந்தது 1974-இல். அந்தக் குற்றச்சாட்டு விலக்கப்பட்டது 2000-இல். டிலேன், ஹாரி பிரிக்ஸ், எலைசா பிரிக்ஸ், லீவை பியர்சன் ஆகிய நால்வருக்கும் தீர்ப்பின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. பெற்றுக்கொள்ள அவர்களில் ஒருவர்கூட உயிருடன் இல்லை.

இந்தச் செய்திகள் பார்வையாளர்களின் மனத்தை வருத்தும், கூட்டத்தின் உற்சாகத்தைக் குறைக்கும் என்று ஓர் அலுவலகத்திலிருந்து எங்களுக்குக் கடிதம் வந்தது. அதே அலுவலகத்திலிருந்து, மேடையில் இன்னாருக்கு இருபது நிமிடம், இன்னாருக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்க வேண்டும் என்ற கோரிக்கையும் வந்தது. பொது நிகழ்ச்சிகளைத் திட்டமிடுகிறவர்கள் அனைவரும் அறிந்த இடர்ப்பாடு இது: அழைக்கப்பட வேண்டியவர்களுக்கு நாற்காலி போட்ட பிறகு, நினைவுகூரப்பட வேண்டியவர்களுக்கு இடம் மிஞ்சுவதில்லை. டொபீகாவில் 2014-இல் நடந்ததை நான் குழுவுக்கு நினைவூட்டினேன். தீர்ப்பின் அறுபதாம் ஆண்டையொட்டி, அப்போதைய அதிபரின் மனைவி மிஷெல் ஒபாமா அந்நகர மேல்நிலை மாணவர்களின் பட்டமளிப்பு விழாவில் உரையாற்றுவதாக ஏற்பாடாகியிருந்தது. அப்படியானால் ஒவ்வொரு மாணவரின் குடும்பத்துக்கும் இருக்கைகள் குறையும் என்று தெரிந்ததும், பெற்றோர்களும் மாணவர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்; பலர் மனுவில் கையெழுத்திட்டார்கள். முடிவில் உரை தனி நிகழ்ச்சியாக மே 16-க்கு மாற்றப்பட்டது. வருகிறவர் எவ்வளவு நல்ல நோக்கத்துடன் வந்தாலும், பேரப் பிள்ளை பட்டம் வாங்குவதைப் பார்க்கும் பாட்டியின் நாற்காலியை எடுத்துவிடக் கூடாது என்று அந்த நகரத்தினர் கருதினார்கள். அது சரியான கருத்து. அந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டதும் சரியான செயல். எங்கள் கூட்டத்தில் பதவியில் உள்ளவர்கள் அனைவருக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் என்றும், பள்ளி மூடப்பட்ட ஆண்டுகளை வாழ்ந்தவர்களுக்கு நேர வரம்பு இல்லை என்றும் தீர்மானித்தோம். அதை எழுத்தில் அனுப்பியபோது எனக்குச் சற்று அச்சமாகவே இருந்தது.

அந்த மூடப்பட்ட ஆண்டுகளை இங்கே சுருக்கமாகக் கடந்துவிட என்னால் முடியவில்லை. பிரவுன் தீர்ப்பு வந்து ஓராண்டுக்குப் பிறகு, 1955 மே 31 அன்று, அதை எப்படி நிறைவேற்றுவது என்பது பற்றி நீதிமன்றம் இரண்டாவது ஆணையை வழங்கியது. அதற்குக் காலக்கெடு எதையும் அது விதிக்கவில்லை. 'தக்க நிதானத்துடன் கூடிய விரைவில்' என்று ஒருவாறு தமிழாக்கக்கூடிய ஒரு தொடரைப் பயன்படுத்தியது. விரைவும் நிதானமும் ஒரே தொடரில் நின்றதால், எதிர்த்தவர்கள் நிதானத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வர்ஜீனியாவின் செனட்டர் ஹாரி பேர்டின் தலைமையில் 'பெரும் எதிர்ப்பு' என்ற கொள்கை உருவானது. 1958-இல் ஃப்ரண்ட் ராயல், சார்லட்ஸ்வில், நார்ஃபோக் ஆகிய இடங்களில், ஒன்றிணைய ஆணையிடப்பட்ட பள்ளிகளை மாநில அரசே பூட்டியது. அந்தப் பூட்டு செல்லாது என்று 1959 ஜனவரியில் நீதிமன்றங்கள் அறிவித்தபோது, பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியின் நிர்வாகம் வேறு வழி கண்டது: பள்ளிகளுக்கென்று ஒரு காசும் ஒதுக்க மறுத்தது. வெள்ளைக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது; அதற்கு அரசின் உதவித் தொகையும் வரிச்சலுகையும் சென்றன. சுமார் 1,700 கறுப்பினக் குழந்தைகளுக்கும், கட்டணம் கட்ட முடியாத சில ஏழை வெள்ளைக் குழந்தைகளுக்கும் எதுவும் இல்லை.

சிலரை உறவினர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். சிலர் குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையினரின் ஏற்பாட்டில் வேறு மாநிலங்களில் முன்பின் அறியாத குடும்பங்களுடன் தங்கிப் படித்தார்கள். தேவாலயங்களின் அடித்தளங்களில் பயிற்சி மையங்கள் நடந்தன. பலர் எங்கும் போகவில்லை. புகையிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார்கள். 1963-இல் தனியார் நன்கொடையுடன் இலவசப் பள்ளிகள் ஓராண்டு நடந்தன. 1964 மே 25 அன்று, நிதானமான விரைவுக்குரிய காலம் முடிந்துவிட்டது என்று நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதிய தீர்ப்பு வந்த பிறகே பொதுப்பள்ளிகள் திறந்தன. வர்ஜீனியா சட்டமன்றம் இதற்காக ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது 2003-இல். அந்த ஆண்டிலேயே, படிப்பை இழந்தவர்களுக்குக் கௌரவச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. எங்கள் குழுவின் மூத்த பெண்மணி அந்த ஐந்தாண்டுகளில் ஒரு நாளும் பள்ளிக்குச் செல்லாதவர். பதின்மூன்று வயதில், எட்டு வயதுப் பிள்ளைகளின் பாடப் புத்தகத்துடன் வகுப்பில் உட்கார்ந்ததுதான் பள்ளி மூடியிருந்ததைவிட வலித்தது என்று அவர் ஒருமுறை என்னிடம் சொன்னார்.

கூட்டத்தின் நடுநாயகமாக எதை வைப்பது என்ற கேள்விக்கு, தீர்ப்பை முழுமையாக வாசிப்பது என்று முடிவு செய்தோம். தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் அதைச் சாதாரண மக்களும் படித்துப் புரிந்துகொள்ளும்படி, சுருக்கமாக, எவரையும் குற்றஞ்சாட்டாத நடையில் எழுத வேண்டும் என்று எண்ணியே எழுதினார். ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக இசைந்த தீர்ப்பு அது. அடிக்குறிப்புகளை விட்டுவிட்டால் வாசிக்கச் சுமார் கால் மணி நேரம் ஆகும். பிரித்து வைக்கப்பட்ட கல்வி வசதிகள் இயல்பிலேயே சமமற்றவை என்ற வரிக்கு வரும்போது, அதற்கு முன் சொல்லப்பட்ட அனைத்தும் அந்த வரியைத் தாங்கி நிற்பது காதுக்குத் தெரியும். அதைத் தொடர்ந்து 1955-ஆம் ஆண்டின் ஆணையையும் வாசிக்க வேண்டும் என்றேன். முதல் தீர்ப்பை மட்டும் வாசித்தால் அரங்கம் எழுந்து கைதட்டிவிட்டுக் கலைந்துவிடும். இரண்டாவதையும் கேட்டால்தான் அம்மாவின் கேள்விக்கு விடை தொடங்கும்.

ஒரு யோசனையை நான் கடுமையாக எதிர்த்தேன். உளவியல் அறிஞர்களான கென்னத் கிளார்க்கும் மேமி கிளார்க்கும் கறுப்பினக் குழந்தைகளிடம் கறுப்பு, வெள்ளைப் பொம்மைகளைக் காட்டி, எது நல்லது, எது கெட்டது, எது உன்னைப் போன்றது என்று கேட்ட ஆய்வுகள் இவ்வழக்கில் புகழ்பெற்றவை. கிளாரண்டன் கவுண்டியில் கென்னத் கிளார்க் சோதித்த பதினாறு குழந்தைகளில் பத்துப் பேர் வெள்ளைப் பொம்மையையே விரும்பினார்கள். பதினொருவர் கறுப்புப் பொம்மையைக் கெட்டது என்றார்கள். இதை எங்கள் ஊர்ச் சிறுவர்களைக் கொண்டு மேடையில் நடித்துக் காட்டலாம் என்று ஒருவர் சொன்னார். ஒரு குழந்தையின் மனக்காயத்தை நூறு பேர் முன்னால் இன்னொரு குழந்தையைக் கொண்டு திரும்ப நிகழ்த்துவது எனக்கு ஏற்கவே முடியாததாக இருந்தது. எண்களை ஒரு பலகையில் எழுதி வைத்தோம். அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை.

ஆசிரியர்களைப் பற்றி எங்களில் எவரும் முதலில் நினைக்கவில்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். பள்ளிகள் ஒன்றிணைந்தபோது பெரும்பாலும் மூடப்பட்டவை கறுப்பினப் பள்ளிகளே. வேலை இழந்தவர்களும் அங்கே கற்பித்தவர்களே. தெற்கிலும் அதன் எல்லையிலும் உள்ள 17 மாநிலங்களில், தீர்ப்புக்குப் பின் வந்த பத்தாண்டுக் காலத்தில் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்ததாகப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. டொபீகாவில் தீர்ப்பு வருவதற்கு முன்பே, 1953 வசந்த காலத்தில், கறுப்பின ஆசிரியர்களில் சிலருக்கு அடுத்த ஆண்டு பணி நீட்டிப்பு இராது என்று கடிதம் சென்றது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பிப்ரவரிக் கூட்டத்துக்கு வந்து, தம் தாயாரின் வகுப்பறைப் புகைப்படத்தை மேசையில் வைத்தார்; எதுவும் கேட்கவில்லை. அன்றே ஒரு சுவர் முழுவதையும் ஆசிரியர்களுக்கு ஒதுக்கினோம்.

இந்தியாவிலிருந்து வந்த ஒருத்திக்கு இந்த வேலையில் என்ன பங்கு என்று சில தமிழ் நண்பர்கள் கேட்டார்கள். 1927-இல், மிசிசிப்பி மாநிலத்தின் ரோஸ்டேல் என்னும் ஊரில் மளிகைக் கடை வைத்திருந்த சீனரான காங் லம், தம் மகள் மார்த்தாவை வெள்ளையர் பள்ளியிலிருந்து வெளியேற்றியதை எதிர்த்து வழக்காடினார். அவள் வெள்ளையள் அல்லள், ஆகவே 'நிறத்தவர்' பள்ளிக்குச் செல்லலாம் என்று அதே உச்ச நீதிமன்றம் அப்போது ஒருமனதாகக் கூறிவிட்டது. பிரவுன் தீர்ப்பு தகர்த்த சுவர்களில் அதுவும் ஒன்று. அந்தப் போராட்டங்களின் அலையில்தான் 1965-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டமும் வந்தது. எங்களைப் போன்றவர்கள் பெருமளவில் இந்நாட்டுக்கு வர முடிந்தது அதன் பிறகே. என் மகன் அரசுப் பள்ளிப் பேருந்தில் ஏறுவதைத் தினமும் சன்னல் வழியே பார்க்கிறேன். பேருந்துக்காக வழக்குத் தொடுத்த லீவை பியர்சனுக்கு என் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

மே 17 மாலை, 140 நாற்காலிகள் போட்டிருந்தோம். சுவரோரம் நின்றவர்களும் இருந்தார்கள். தீர்ப்பை ஏழு பேர் மாறி மாறி வாசித்தார்கள். பன்னிரு தாய்மார்களின் பெயர்களை ஒரு பள்ளி மாணவி வாசித்தாள். 1955-ஆம் ஆண்டின் ஆணையை வாசிக்க மூத்த பெண்மணி தாமாகவே எழுந்து வந்தார். அந்தப் புகழ்பெற்ற தொடர் வந்த இடத்தில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மீதியை வாசித்து முடித்தார். எவரும் கைதட்டவில்லை. பிறகு அவர் நாற்பது நிமிடம் பேசினார். அம்மா முன்வரிசையில் என்னருகே இருந்தார். ஆங்கிலம் அவருக்கு முழுமையாகப் புரியாது, ஆனால் ஓரிடத்திலும் என்னிடம் பொருள் கேட்கவில்லை. கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண்மணியிடம் சென்று, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார்.

எங்கள் திட்டத்தில் ஒரு பெரிய குறை இருந்தது. அந்த நாற்பது நிமிடத்தை எவரும் ஒலிப்பதிவு செய்யவில்லை. ஒலிபெருக்கி, இருக்கை, தேநீர், வாகன நிறுத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கிய நாங்கள், அதற்கு எவரையும் நியமிக்கவில்லை. 1959-இல் முதல் வகுப்பில் சேர இருந்த ஆறு வயதுக் குழந்தைக்கு, தீர்ப்பின் எழுபத்தைந்தாம் ஆண்டான 2029-இல் எழுபத்தாறு வயதாகும். அப்போது எத்தனை பேர் மேடையேற வருவார்கள் என்று கணக்கிட்டுப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே 2029-க்கான வேலையை நூலகத்தில் தொடங்கிவிட்டோம். அந்த ஆண்டு மே 17 வியாழக்கிழமை. அதற்கான அரங்கம், பேச்சாளர் எதைப் பற்றியும் இன்னும் பேசவில்லை. இப்போதைக்கு ஒரு பட்டியல், ஒரு ஒலிப்பதிவுக் கருவி, இரண்டு தன்னார்வலர்கள். பட்டியலில் முதல் பெயர் அந்தப் பெண்மணியுடையது. வருகிற செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். தம் அண்ணனையும் அழைத்து வைப்பதாகவும், அவர் தம்மைவிட நான்கு வகுப்பு முந்தியவர் என்பதால் மூடுவதற்கு முன்பிருந்த பள்ளியை அவரிடம்தான் கேட்க வேண்டும் என்றும் சொன்னார்.